அப்பாவின் கேசட் டெக்

டெக் மோட்டாரின் பின்புறம் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மயிரிழை அளவு திருப்பினார் மெக்கானிக். இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நேரானது.

"இப்ப சரியா இருக்கா தம்பி?"

எனக்குப் பேச்சே வரவில்லை.

சென்னை ரிச்சி தெருப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. ரப்பர் பெல்ட் உருகி, தார் மாதிரி புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தில், ஒட்டிக்கிடந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு மணி நேரம் துடைத்தார், அப்புறம்தான் புது பெல்ட். டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும், அதைக் காதாலேயே அளக்கிறார் மனிதர்!

பழைய இரும்புக்குப் போடச் சொன்னவர்கள் நாலு பேர். "திறந்து பார்ப்போம்" என்றவர் இவர் ஒருவர்தான்.

நன்றி ஐயா. ராத்திரி அம்மாவுக்குப் போட்டுக் காட்டப்போகிறேன். அந்த கேசட்டின் மறுபக்கத்தில் அப்பா பேசிப் பதிந்தது கொஞ்சம் இருக்கிறது.