குலி-குலி: அடுப்படி நாட்குறிப்பு

நவம்பர் 8

குலி-குலி, எண்ணெய் பிழிந்த நிலக்கடலைச் சக்கையைப் பொரித்துச் செய்யும் நைஜீரியத் தின்பண்டம். இன்றைக்குப் புது நிலக்கடலை. அங்கே பேசும் ஹவுசா மொழியில் ‘கியடா’. வட நைஜீரியாவில் மழை ஓய்ந்து கடலை பிடுங்கியதும் குலி-குலி செய்யும் வீடுகளில் முதல் வேலை பொறுக்குவதுதான். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் வெளியே. பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின் எண்ணெயோடு வெளியேறிவிடாது, பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். பொரித்தாலும் முழுதாக அழியாது. குலி-குலியோ அந்தச் சக்கையில் செய்வது. ஒரு கிலோ பருப்புக்கு அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

நவம்பர் 9

மணலில் வறுத்தால் சூடு சீராக ஏறும். தோல் கையில் தேய்த்ததும் உதிர வேண்டும், பருப்பு இளம்பொன் நிறத்தோடு நிற்க வேண்டும். பின்னால் எண்ணெயில் இன்னொரு முறை சிவக்கப்போகிறது. இப்போதே சிவந்துவிட்டால் அப்போது கசக்கும். தோலைப் புடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் மையாக அரைக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் எண்ணெய் பிரியாது.

நவம்பர் 10

முழுச் சூட்சுமமும் இன்றைக்குத்தான். ஒரு கிலோ விழுது, வெந்நீர் ஒவ்வொரு மேசைக்கரண்டியாக. முதலில் விழுது இறுகும், பளபளப்பு போகும், ‘கெட்டுப்போச்சு’ என்று தோன்றும். கையை எடுக்காமல் பிசைய வேண்டும். நான்கைந்து கரண்டிக்குப் பிறகு விரல் இடுக்கில் எண்ணெய் கசிந்து, சட்டென்று பாத்திரத்தின் ஓரத்தில் குளமாகத் தேங்கும். தண்ணீர் சக்கையில் ஊறி எண்ணெயை வெளியே தள்ளுகிறது. எள் ஆட்டும்போது செக்கில் தண்ணீர் தெளிப்பதும் இதே வித்தைதான்.

மொத்தம் 100 மில்லி தண்ணீருக்குள் முடிந்தது; பிழிந்ததில் கால் லிட்டர் எண்ணெய். மிஞ்சிய சக்கை ‘துங்குசா’. நம் ஊரில் இதைப் புண்ணாக்கு என்று மாட்டுக்கு வைப்போம், அங்கே மனிதருக்கு.

நவம்பர் 11

துங்குசாவில் உப்பு, சுக்குப்பொடி, மிளகாய்ப்பொடி சேர்த்து மறுபடி பிசைந்து, சுண்டுவிரல் கனத்தில் திரித்து வளையமாக்கியது. குச்சியாகவும் உருண்டையாகவும் செய்வார்கள். வளையம் உள்வரை சீராக வேகும்.

பிழிந்த எண்ணெயிலேயே பொரிக்க வேண்டும். கால் லிட்டர்தான் என்பதால் சின்ன வாணலி, நான்கைந்தாக. முதல் ஈடு எண்ணெயில் கரைந்து மண்டியாகிவிட்டது: சரியாகப் பிழியவில்லை. சக்கையில் எண்ணெய் மிஞ்சினால் பிடிப்பு இருக்காது. திரும்பப் பிழிந்த பிறகு நின்றது. தண்ணீர் கூடினால் வேறு தொல்லை. நுரை பொங்கி வழியும், வளையம் வெடிக்கும். தீ தணிவாகவே இருக்கட்டும். அவசரப்பட்டால் வெளியே கறுத்து, உள்ளே மாவாகக் கிடக்கும். சலசலப்பு அடங்கினால் ஈரம் போயிற்று என்று அர்த்தம். முறுக்குச் சுட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 12

நன்றாக ஆறிய பிறகுதான் கடினம் தெரியும். தட்டையைப் போல நொறுங்காது, கடவாய்ப் பல்லுக்கு வேலை வைக்கும்.

விடுதிப் பள்ளியில் படித்த நைஜீரியரிடம் குலி-குலி என்றால் உடனே ‘காரி’ என்பார். துருவிய மரவள்ளியைப் புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்த குருணை அது. கிண்ணத்தில் காரி, அது மூழ்கிக் கொஞ்சம் மேலே நிற்கக் குளிர்ந்த தண்ணீர், சர்க்கரை, மேலே உடைத்த குலி-குலி. அடுப்பே வேண்டாம் என்பதால்தான் பிள்ளைகளின் பெட்டியில் இரண்டும் இருக்கும். ஊறவிட்டால் காரி உப்பித் தண்ணீரைக் குடித்துவிடும். போட்டவுடன் சாப்பிட வேண்டும்.

நவம்பர் 15

உடைந்த துண்டுகளை இடித்தாயிற்று. சுட்ட இறைச்சியான சூயாவுக்குத் தூவும் ‘யாஜி’ பொடிக்கு இதுதான் அடித்தளம். இன்னொரு பாதி ‘சோகலே’யோடு, அதாவது முருங்கைக்கீரையோடு. வேகவைத்துப் பிழிந்த கீரை, நறுக்கிய வெங்காயம், தக்காளி, உப்பு, கொஞ்சம் கடலை எண்ணெய், கை நிறைய குலி-குலிப் பொடி. பொடியைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் கீரையின் ஈரத்தில் களியாகிவிடும்.