ஓபரா ஆரியா கேள்விக்கு நான் தயாரான விதம்

மேற்கத்திய இசை வரலாறு படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். ஓர் ஆரியாவை, அதாவது ஓபராவில் ஒரு பாத்திரம் மனதைக் கொட்டிப் பாடும் தனிப்பாடலை, ஒலிக்கவிட்டு, "இதில் உணர்ச்சி எப்படி உருவாகிறது?" என்று கேட்பார்கள். முதல் மாதிரித் தேர்வில் "உருக்கமான குரல், சோகமான மெட்டு" என்றே ஒரு பக்கம் எழுதினேன். பத்துக்கு மூன்று மதிப்பெண். கேட்கும்போது கண் கலங்கியது உண்மை. ஏன் கலங்கியது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

கச்சேரி கேட்டு வளர்ந்த காது பாடுகிறவரின் குரலையே பிடித்துக்கொண்டு போகும். ஓபராவில் பாதி விஷயம் குரலுக்குக் கீழே, வாத்தியங்களில் நடக்கிறது. எனக்கு அதைப் புரியவைத்தது இசையமைப்பாளர் பர்செலின் 'டைடோ அண்ட் ஈனியஸ்', 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஆங்கில ஓபரா. காதலன் விட்டுப் போக, அரசி டைடோ சாகும் முன் பாடுகிறாள். குரல் வருவதற்கு முன்பே கீழ்ச்சுரங்களில் ஐந்து பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) நீளமுள்ள ஒரு வரி தொடங்கிவிடும். அதை நம் சுரத்தில் பாடிப் பார்த்தேன்: மேல் சட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். ஒரு ஸ்தானம்கூட விடாமல் படிப்படியாக இறங்குகிறது. நம் மேளகர்த்தா எனும் தாய் ராகங்கள் எதிலும் இப்படி வராது, அதனாலேயே காதில் சட்டென்று பட்டது. இந்த வரி 11 முறை திரும்பத் திரும்ப வருகிறது. டைடோவின் குரலோ அதோடு சேர்ந்து முடிவதில்லை. வரி முடியும் இடத்தைத் தாண்டி நீள்கிறது, மேலே ஏறப் பார்க்கிறது. "என்னை நினைவில் வை" என்ற சொற்களை முதலில் ஒரே சுரத்தில் நின்று சொல்கிறாள், பிறகுதான் உச்சத்துக்குப் போகிறாள். கீழே விதி இறங்கிக்கொண்டே இருக்க, மேலே ஒரு பெண் அதற்குள் அடங்க மறுக்கிறாள். இதைத்தான் விடைத்தாளில் எழுத வேண்டும்.

அப்புறம் புச்சீனியின் 'டோஸ்கா' (1900). மூன்றாம் அங்கத்தில், விடிந்தால் மரண தண்டனை என்ற நிலையில் கவரதோசி காதலியை நினைத்துப் பாடுகிறான். மெட்டை முதலில் வாசிப்பது கிளாரினெட். அவன் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில், பேசுவதுபோல் ஆரம்பிக்கிறான். முத்தங்களின் நினைவு வரும்போதுதான் அந்த மெட்டு அவன் வாய்க்கு வருகிறது. அவன் அழத் தொடங்கும் முன்பே கிளாரினெட் அழுதுவிட்டது என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

மேற்கத்திய இசையின் இரு முக்கியச் சுரவரிசைகளில் மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்ற சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். குளுக்கின் ஓபராவில் (1762) நாயகன் ஆர்ஃபியஸ் மனைவியை இழந்து அழுவது மேஜரில்தான்.

படிக்கும் முறை எளிது. முதலில் பாடல் வரிகளின் பொருளையும் கதையில் அது வரும் இடத்தையும் படியுங்கள். அடுத்து குரலைக் கவனிக்காமல் ஒருமுறை கேட்டு, கீழ்ச்சுரத்தை வாய்விட்டு முனகுங்கள். கடைசியாகக் குரலோடு கேட்டு, எது எப்போது மாறுகிறது என்று நிமிடக் கணக்கோடு குறியுங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆரியா போதும்.

என் தேர்வில் டோனிசெட்டியின் 'ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா' என்ற ஆரியா வந்தது. பஸ்ஸூன் என்ற ஊதுவாத்தியம் தனியாகத் தொடங்கியதும் பேனாவை எடுத்துவிட்டேன்.