பதினாலு நாள் பாசியை அறுக்கச் சொன்ன என் ஆப்

கடலில் தெப்பம் கட்டிப் பாசி வளர்க்கும் என் மதினிக்கு, எந்தத் தெப்பத்தை என்றைக்கு அறுப்பது என்று சொல்ல ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தேன். ஜூலை 15 காலையில் அவர் போன் செய்தார். "தம்பி, உங்க ஆப்பு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அறுக்கச் சொல்லுது. இங்க பாசி பால்குடி மறக்காத பிள்ளையாட்டம் கிடக்கு. அறுத்துப்புடவா?" பின்னாலிருந்து நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் சிரிப்பு வெகு சீக்கிரம் பரவும். மதியத்துக்குள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்த இரண்டு பேர் விசாரித்துவிட்டார்கள்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தமிழ்த் தட்டச்சு, பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் என் கம்ப்யூட்டர் படிப்பு. நிரல் அதிகம் எழுதாமலே ஆப் செய்யலாம், அதற்கு லோ-கோட் என்று பெயர் என்று கேள்விப்பட்டு ஆப்ஷீட்டில் இறங்கினேன். 2020இல் கூகுள் வாங்கிய கருவி அது. சோதனை அளவில் பத்துப் பேர் வரை காசில்லாமல் ஓட்டலாம். மதினியின் குழுவில் ஐந்து பேர், என்னோடு ஆறு. கணக்கு இருக்கும் கூகுள் ஷீட்டை இணைப்பது, பக்கத்துக்கு நிறம் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, யூடியூபில் குவிந்து கிடக்கிறது.

பாசிக் கணக்கு ஆப்புக்காகவே செய்தது மாதிரி இருக்கும். ஒரு ஆளுக்கு 45 தெப்பம். நாளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனால், நாற்பத்தைந்தாவதைக் கட்டி முடித்த மறுநாள் முதல் தெப்பம் அறுப்புக்கு வந்துவிடும். தெப்பம் என்பது பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம், இருபது கயிறு, கயிற்றுக்கு மூன்று கிலோ விதைப்பாசி, ஆக 60 கிலோ. அறுத்ததில் 60 கிலோவை மறுபடி அதே தெப்பத்துக்கு விதையாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். எந்தத் தெப்பம் என்றைக்குக் கட்டியது என்பதை மதினி நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறார். அந்த நோட்டில் உப்புத் தண்ணீர் பட்டுப் பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டது. ஆப் செய்து தருகிறேன் என்று நான் வாய் விட்டது அதைப் பார்த்துத்தான்.

முதல் சறுக்கல் சின்னது. தெப்ப எண்ணையே 'கீ' ஆக, அதாவது ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமாக வைத்திருந்தேன். அதே தெப்பத்தை அறுத்து மறுபடி கட்டினால் அதே எண் வருமே, ஏற்றுக்கொள்ளாது. தெப்பத்துக்கு ஒரு டேபிள், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு டேபிள் என்று பிரித்து, இரண்டாவதுக்குத் தானாகவே புது அடையாளம் தரும் 'யுனிக்ஐடி' போட்டேன். ஒரு ராத்திரியில் முடிந்தது.

தேதிதான் என்னைத் தின்றது.

ஜூலை 7 அன்று கட்டிய ஏழாவது தெப்பத்தை மட்டும் போட்டு ஆப்பைச் சோதித்தேன். அறுப்பு நாள் என்பது கட்டிய நாளோடு 45ஐக் கூட்டினால் போதும். ஆகஸ்ட் 21 வந்தது. விரல் விட்டு எண்ணியும் பார்த்தேன், சரி. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். 14ஆம் தேதி ராத்திரி கடை சாத்திய பிறகு நோட்டைப் பார்த்துப் பதினான்கு தெப்பத்தையும் ஷீட்டில் நேரடியாக அடித்தேன். 01/07, 02/07, 03/07 என்று நாம் எழுதும் வழக்கப்படி. மறுநாள் காலையில்தான் அந்தப் போன்.

திறந்து பார்த்தால் 1 முதல் 5 வரை 'இன்று அறுக்க வேண்டியவை' பட்டியலில். 6க்கு ஜூலை 22. ஏழு மட்டும் ஒழுங்காக ஆகஸ்ட் 21. 8 முதல் 12 வரை செப்டம்பர், அக்டோபர் என்று ஓடி அடுத்த ஜனவரிக்கே போய்விட்டது. 13, 14 வெறும் காலியிடம். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று தெரிகிறது, என்ன ஒழுங்கு என்று மட்டும் புரியவில்லை. பார்முலாவை நாலு விதமாக மாற்றி எழுதினேன். அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். ஏழாவது சரியாக வருகிறதே, அப்படியானால் பார்முலா சரிதானே என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று கட்டிய தேதிப் பத்தியை ஆப்பில் மறைத்து வைத்திருந்தேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். அதைத் திறந்ததும் தெரிந்தது, எல்லாத் தெப்பமும் ஏதோ ஒரு மாதத்தின் 7ஆம் தேதி கட்டியதாக நிற்கிறது. ஜனவரி 7, பிப்ரவரி 7, மார்ச் 7. ஷீட் அமெரிக்க முறையில் இருந்தது, மாதம் முன்னால், நாள் பின்னால். பன்னிரண்டு வரை அது நாளை மாதமாகப் படித்துக்கொண்டது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் 13, 14ஐ வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. 07/07 எப்படித் திருப்பினாலும் 07/07. மாதத்தில் வேறு எந்த நாளில் சோதித்திருந்தாலும் அன்றைக்கே மாட்டியிருக்கும்!

ஷீட்டை உற்றுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். தேதி என்று எடுத்துக்கொண்டவை கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நின்றன, எழுத்து என்று எடுத்துக்கொண்ட இரண்டும் இடப்பக்கம். இனி தேதிப் பத்தியைப் பார்த்தால் முதலில் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்ப்பேன்.

சரி, எந்த நாட்டு முறை என்று சொல்லும் லொகேல் அமைப்பை இந்தியா என்று மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மாற்றுவது இனி அடிப்பதற்குத்தான் உதவும். ஏற்கெனவே மே 7 என்று பதிந்தது மே 7ஆகவே இருக்கும், பார்வைக்கு மட்டும் 07/05 என்று திரும்பி நிற்கும். இது இன்னும் குழப்பம். பதினான்கு வரிகளையும் அழித்து மறுபடி அடித்தேன். அப்புறம் ஆப் பக்கத்தில் ஒவ்வொரு டேபிளுக்கும் தனியாக லொகேல் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். போனில் தேதி எப்படித் தெரியும் என்பது அந்தப் போனின் அமைப்பைப் பொறுத்தது. ஆக மூன்று இடம். மூன்றும் ஒத்துப்போகிற வரை எதையும் நம்பாதீர்கள்.

தப்பு இன்னும் முன்னாலேயே தெரியாமல் போனதற்கு இன்னொரு தப்பு காரணம். 'எத்தனை நாள் ஆச்சு' என்று ஒரு பத்தி வைத்திருந்தேன், இன்றைய தேதியிலிருந்து கட்டிய தேதியைக் கழித்து. ஐந்தாவது தெப்பத்துக்கு அது 1656:00:00 என்று காட்டியது. ஏதோ கடிகாரக் கணக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அது மணிக்கணக்கு. ஆப்ஷீட்டில் தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் நாள் வராது, கால அளவு வரும். அதை மணி எண்ணிக்கையாக்கும் 'ஹவர்' பார்முலாவுக்குள் போட்டு 24ஆல் வகுத்தால் 69 நாள். ஐந்தாவது கட்டிப் பத்து நாள்தான் ஆகிறது, 69 என்று வந்திருந்தால் எனக்கே உறைத்திருக்கும். 1656 என்றால் யாருக்கு என்ன புரியும்?

இடையில் தெப்பத்துக்கு எண் பலகை வேறு. கியூஆர் ஸ்டிக்கர் அடித்து என் கடை மெஷினிலேயே லேமினேஷன் போட்டுக் கட்டினேன். நாலாம் நாள் ஓரம் பிரிந்து உள்ளே தண்ணீர். பிறகு ராமநாதபுரத்தில் கால்நடை மருந்துக் கடையில் மாட்டுக் காதில் மாட்டும் மஞ்சள் வில்லை ஐம்பது வாங்கி வந்தேன், எழுதும் மை தனி. கடைக்காரர் எத்தனை மாடு என்று கேட்டார், கடலில் என்றேன், அதற்கு மேல் கேட்கவில்லை. மூங்கிலில் நைலான் கயிற்றால் கட்டியாகிவிட்டது. வில்லை தாங்குகிறது, ஆனால் அதன்மேல் வேண்டாத பாசி படிந்து எண்ணை மறைக்கிறது. ஸ்கேன் செய்யும் திட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டேன், உப்புக் கையோடு தொடுதிரை எப்படியும் கேட்பதில்லை. கரைக்கு வந்து கை துடைத்துத்தான் பதிகிறார்கள்.

அடுத்து எடைப் பதிவு. ஈர எடை, காய்ந்த எடை இரண்டும் இருந்தால் எந்தத் தெப்பம் ஏமாற்றுகிறது என்று பார்க்கலாம். பாசி தின்னும் ஓரா மீன் கடித்த தெப்பத்தைத் தனி நிறத்தில் காட்டவும் ஆசை. வாடைக் காற்று தொடங்கினால் வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், தெப்பம் நிற்காது, அதற்குள் ஓரிரண்டு சுற்றுக் கணக்காவது கையில் வேண்டும்.

நேற்று மதினியின் போனிலேயே பட்டியலைத் திறந்து காட்டினேன். முதல் தெப்பத்துக்கு அறுப்பு ஆகஸ்ட் 15. நோட்டோடு ஒத்துப்போகிறது. மதினி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொடியேத்துற நாளா? பிள்ளை பள்ளிக்கூடத்துல ஆடுறா தம்பி, அன்னைக்கு யாரு கடலுக்கு வருவா? பதினாறுன்னு போட்டுருங்க."

அது பார்முலாவில் வரும் பத்தி. கையால் மாற்ற முடியாது. இன்று ராத்திரி அதோடுதான் உட்கார வேண்டும்.