மைவிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

5 அக்டோபர் 2024, சனி, செந்தூல், கோலாலம்பூர்

என் மைவி காரில் பத்துமலைக்குப் போய் வந்தோம். அம்மா முன்னால், சின்னம்மா, தங்கச்சி, தம்பி பின்னால். திரும்பும்போது தாமான் (குடியிருப்பு) முனைப் பொங்கோலில், அதாவது வேகத்தடையில், ஏறி இறங்கினேன். கர்ர்ர்ர். எக்சோஸ் குழாய் உரசியது.

"என்னடா இது, காடி வயித்தால நகருது?" என்றார் சின்னம்மா. அம்மா வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். தீபாவளிக்குத் தெலுக் இந்தான் போக வேண்டும். பாட்டி வீட்டுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்து மண் சாலை.

மைவி 2009-ஆம் வருஷத்து உருப்படி. காடியைத் தாழ்த்தும் லோவர் ஸ்பிரிங் போட்டது முந்தின சொந்தக்காரர். ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கேட்டேன், எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்றாம். தாழ்ந்து நிற்கும் அழகை விட எனக்கு மனசும் இல்லை.

6 அக்டோபர், ஞாயிறு

காடியின் உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை டேப்பைப் பிடித்தேன். பின் இடது 318 மில்லிமீட்டர், வலது 312. டிரைவர் உட்காரும் பக்கம் வருஷக்கணக்கில் கொஞ்சம் அமுங்கிப் போயிருக்கும் போல.

12 அக்டோபர், சனி

ஆன்லைனில் 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) ரப்பர் வாங்கினேன். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் செருகுவது. சோப்புத் தண்ணீர் தடவி, கட்டைவிரல் கன்றிப்போக உள்ளே திணித்தேன்.

உயரம் 5 மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. ஆனால் சவாரி மாட்டு வண்டி! பிறகுதான் புத்தி வந்தது: ரப்பர் ஒரு சுற்றை அசையவிடாமல் பிடித்துவிட்டால், மிச்சச் சுற்றுகள்தான் எல்லா வேலையும் செய்யணும். ஸ்பிரிங் விறைத்துப்போகாமல் என்ன செய்யும்?

15 அக்டோபர், செவ்வாய்

ஜாலான் ஈப்போவில் வலது ரப்பர் கழன்று விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன், மோட்டார் சைக்கிள்காரர் ஒருத்தர் வளைந்து தப்பித்தார். மற்றதையும் மாலையிலேயே பிடுங்கிவிட்டேன்.

20 அக்டோபர், ஞாயிறு

மூன்றாம் மாடி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "சுத்துக்கு நடுவுல இல்லடா, தலைக்கு மேல வைக்கணும்." கெட்டி ரப்பரில் 12 மில்லிமீட்டர் வளையம் இரண்டு கொண்டுவந்தார். ஸ்பிரிங்கின் உச்சிக்கும் பாடிக்கும் இடையில் உட்காரும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது, உயரம் மட்டும் ஏறும்.

மைவிக்குப் பின்னால் ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் (அதிர்வு தாங்கி) தனி. அதனால் வேலை சுலபம். ஜாக்கியில் தூக்கி, பாடிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்தோம். அச்சுக்கு ஜாக்கியை முட்டுக்கொடுத்து, இரண்டு அப்சோர்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றி, மெல்ல இறக்கினோம். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கண் வைத்திருப்பது என் பொறுப்பு.

லோவர் ஸ்பிரிங் குட்டை. காடியைத் தூக்கியதுமே அது தொளதொளவென்று ஆடியது, கையால் சுற்றினால் சுற்றியது. "பாத்தியா? ஒரு பள்ளத்துல சக்கரம் தொங்குனா இது இடம் மாறி உக்காந்துரும்," என்றார் அண்ணன். வளையம் ஏறியதும் அந்தத் தொளதொளப்பு போயிற்று. ஸ்பிரிங்கின் கம்பி முனை, கீழ்த் தட்டில் இருக்கும் படிக்குச் சரியாக முட்டும்வரை இரண்டு தடவை திருப்பினார்.

போல்ட்டை நான் அந்தரத்திலேயே முறுக்கப் போனேன். அண்ணன் என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இறக்கி நிப்பாட்டிட்டு முறுக்கு. மேலேயே இறுக்கினா போல்ட் ஓட்டைக்குள்ள இருக்கிற புஷ் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும்."

இறக்கி, தெருவில் முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி, மறுபடி டேப். இடது 334, வலது 328. வைத்தது 12, ஏறியது 16! ஸ்பிரிங் உட்காரும் இடம் சக்கரத்து அச்சுக்கு முன்னால் இருப்பதால் நெம்புகோல் கணக்கு. வலது இன்னும் 6 தாழ்வுதான். அதை அண்ணன் கண்டுகொள்ளவே இல்லை. காசும் வாங்கவில்லை, மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீயும் ரொட்டி சானாயும் போதுமாம்.

22 அக்டோபர், செவ்வாய்

பின்புறம் ஏறினால் முன்விளக்கு தரையைப் பார்க்கும். நேற்றிரவு முன்னால் போகிறவன் நம்பர் பிளேட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கார் பார்க் சுவரில் டேப் ஒட்டி, விளக்கின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நிமிர்த்தினேன்.

30 அக்டோபர், புதன், தெலுக் இந்தான்

ஐந்து பேர், மூன்று முறுக்கு டின், ஒரு மூட்டை அரிசி. பிடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்வரை கவலையில்லை. தோட்டத்துக் கேட் பொங்கோலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சத்தமே இல்லை.

"என்னடா இவ்வளவு மெதுவா போற? முறுக்கு நமத்துரும்," என்றார் சின்னம்மா.

பாட்டி வீட்டு வாசல் சாக்கடைப் பாலத்தில் முன் பம்பர் உரசியது. முன்பக்கம் இப்படி அரை நாளில் முடியாது; அங்கே ஸ்பிரிங் அப்சோர்பரோடு சேர்ந்தே அமுங்கி இருக்கிறது. கிளாம்ப் போட்டு இறுக்காமல் நட்டைக் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். அதை அண்ணனுடைய ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துகொள்ளலாம், பண்டிகை முடியட்டும்.