தொலைந்த 116 பக்கங்கள்

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் மதப்பிரிவின் வரலாற்றில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பவர் மார்ட்டின் ஹாரிஸ். அந்த மதப்பிரிவை நிறுவிய ஜோசப் ஸ்மித், பழைய தங்கத் தகடுகளில் இருந்ததாகச் சொன்ன 'மார்மன் நூலை' மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, 1828ல் தான் எழுதிய 116 பக்கங்களை, நம்பாத மனைவி லூசியிடம் காட்ட அனுமதி கேட்டார். ஸ்மித் கடவுளிடம் கேட்டார்; இரண்டு முறை மறுப்பு, மூன்றாம் முறை சம்மதம். பக்கங்கள் தொலைந்தே போயின.

அந்தப் பக்கங்களை மறுபடி மொழிபெயர்க்காதே, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று காட்ட எதிரிகள் அவற்றைத் திருத்தி வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் ஸ்மித்துக்கு ஒரு வெளிப்பாடு வந்தது. சந்தேகப்படுகிறவர்களுக்கு ரொம்ப வசதியான பதிலாகத்தான் தெரியும். எனக்கும் இந்த இடம் உறுத்துகிறது. ஆனாலும், கெஞ்சக் கெஞ்ச இறங்கி வருகிற கடவுளை என்னால் லேசில் தள்ளிவிட முடியவில்லை.

ஹாரிஸோ அடுத்த வருடமே அந்த நூலின் 5,000 பிரதிகளை அச்சிடத் தன் பண்ணையை அடமானம் வைத்தார், 3,000 டாலருக்கு. கடைசியில் நிலத்தை விற்றுத்தான் கடனை அடைத்தார்.