79 மாடல் கே10 பிக்அப்புக்குப் புது கேம்ஷாஃப்ட்

வண்டி 1979 செவ்ரோலே கே10. 350 கன அங்குல வி8, எஸ்எம்465 நாலு கியர் பெட்டி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் 4 அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர் மாட்டியிருந்தார். ஆக்சில் கியரை மட்டும் தொடவில்லை, இன்னும் 3.07தான் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ்ஷாஃப்ட் 3.07 சுற்று).

ஒரு மாதமாக ஐடிலில் டிக் டிக் என்று சத்தம். வால்வ் அட்ஜஸ்ட் செய்தேன், இரண்டு நாளில் திரும்பவும் வந்துவிட்டது. சரி என்று வால்வ் கவரைத் திறந்து, வால்வைத் தள்ளும் புஷ்ராட் கம்பியின் மேல் டயல் கேஜ் வைத்து கேம்ஷாஃப்டின் ஒவ்வொரு லோபாக அளந்தேன். (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட், அதிலுள்ள முட்டை வடிவ மேடுதான் லோப்.) மற்ற எக்ஸாஸ்ட் லோப்கள் 0.27 அங்குலம் தூக்கின. ஆறாம் சிலிண்டருடையது 0.14தான். பாதி லோப் தேய்ந்தே போயிருந்தது.

மாற்று கேம் தேடத் தொடங்கியதும் கை முதலில் பெரிய கேம் பக்கம்தான் போனது. 0.050 அங்குல அளவில் 224 டிகிரி டியூரேஷன் (வால்வ் திறந்திருக்கும் நேரம், கிராங்க் சுழற்சியின் டிகிரியில்), கரடுமுரடான அந்த ஐடில் சத்தம், ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 65 மைல் வேகத்தில் டாப் கியரில், பழைய 29 அங்குல டயரோடு எஞ்சின் சுமார் 2,310 ஆர்பிஎம்மில் ஓடியிருக்கும். 35 அங்குல டயரில் அதுவே 1,915. அதாவது 3.07 கியர் நடைமுறையில் 2.54 ஆகிவிட்டது. என் எஞ்சின் வாழ்வதே 1,500க்கும் 3,000க்கும் நடுவில்தான். பெரிய கேமில் இன்டேக் வால்வ் தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரும்போது கலவையில் ஒரு பங்கு திரும்ப வெளியே போய்விடும். கம்ப்ரஷன் விகிதமே 8க்குச் சற்று மேல்தான் என்கிற எஞ்சினில் அதையும் இழந்தால் மேட்டில் மூச்சு திணறும். வேக்குவமும் குறையும், பிரேக் பூஸ்டருக்கு அது ஆகாது. இவ்வளவு கனமான டயரோடு பிரேக்கில் சமரசம் செய்ய எனக்கு மனமில்லை.

கேம் விற்பவர்களுக்குப் போன் செய்தபோது அவர்களும் முதலில் கேட்டது டயர் அளவு, கியர், வண்டியின் எடை. எஞ்சினைப் பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது.

தேர்ந்தெடுத்தது இன்டேக்/எக்ஸாஸ்ட் டியூரேஷன் 204/214 டிகிரி, லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) 0.421/0.444 அங்குலம், லோப் இடைவெளி (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப் உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணம்) 112 டிகிரி. கம்பெனி கேமின் லிஃப்ட் 0.390/0.410தான், அதனால் இது ஒரு படி மட்டுமே மேலே. வால்வ் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டேன்.

ரோலர் கேமையும் யோசித்தேன். அதில் லோபுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே இருக்கும் லிஃப்டரின் அடியில் ஒரு உருளை இருக்கும். 79 மாடல் பிளாக்கில் ரோலர் லிஃப்டருக்கான அமைப்பு கிடையாது, தனியாக இணைப்புப் பட்டை உள்ள லிஃப்டர்கள் வாங்க வேண்டும். செலவு பல மடங்கு. ஆகவே உருளை இல்லாத ஃபிளாட் டாப்பெட்டே. இதில் லிஃப்டரின் அடிப்பாகம் லேசாகக் குவிந்தும் லோப் லேசாகச் சரிந்தும் இருக்கும், அதனால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழலாமல் நின்றால் லோப் காலி. பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போடவே கூடாது, பதினாறையும் மாற்றினேன்.

வேலை மூன்று வார இறுதிகள். ரேடியேட்டரும் கிரில்லும் கழன்றன. கேமின் மூக்கில் நீளமான மூன்று போல்ட்டை மாட்டி, அதையே கைப்பிடியாக்கி மெல்ல உருவினேன். தேய்ந்த இரும்புத்தூள் எங்கே போயிருக்கும் என்ற கவலையில் ஆயில் பானையும் இறக்கிக் கழுவினேன். வண்டி உயரமாக இருந்தது இங்கே பெரிய உதவி, ஆக்சிலுக்கும் பானுக்கும் நடுவே கை தாராளமாகப் போனது. டைமிங் செயினை டபுள் ரோலராக மாற்றினேன். கிராங்க், கேம் பற்சக்கரங்களில் உள்ள டைமிங் புள்ளிகள் இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்போது கம்ப்ரஷனில் இருப்பது ஆறாம் சிலிண்டர், ஒன்றாம் சிலிண்டர் அல்ல. ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனுக்கு வர, தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும் முன் கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

லோப்களில் பிரேக்-இன் பேஸ்ட் (புதுக் கேம் முதலில் ஓடிப் பழகும்போது தேயாமல் காக்கும் பசை) தடவி, ஜிங்க் அதிகமுள்ள ஆயில் ஊற்றினேன். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம். கிராங்க் தெறிக்கும் ஆயில்தான் லோபை நனைக்கிறது, குறைந்த வேகத்தில் அது போதாது. அந்த அரை மணி நேரமும் நெஞ்சு படபடத்தபடியே நின்றேன்.

பிறகு ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். பேஸ்ட்டின் சாம்பல் நிறம் மட்டும்தான், உலோக மினுமினுப்பு இல்லை. ஆறாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் லோபை அளந்தால் 0.296, கணக்குப்படி இருக்க வேண்டிய அதே அளவு (ராக்கர் கை அதை ஒன்றரை மடங்காக்கித்தான் வால்வில் 0.444 வருகிறது). மூன்றாம் கியருக்கு இறங்கிய மேட்டில் இப்போது டாப் கியரிலேயே ஏறுகிறது. 500 மைலில் ஆயில் மாற்றும்போது அந்த லோபை மறுபடி அளப்பேன்.