மனகோலத்தைக் காணோம்

காரைக்குடியில் ஓர் ஆச்சியின் பலகாரக் கடைக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். 2025 தீபாவளி அக்டோபர் 20. ஆர்டர் குவியும் முன்பே ஓடத் தொடங்க வேண்டும் என்பதால் செப்டம்பர் 15 என்று நாள் குறித்தோம்.

சோதனைக்கென்று ஒரு நோட்டு போட்டேன். தப்பானால் காசு போகிற இடங்கள் முதலில், ஸ்டாக் அடுத்தது, திரையின் அழகு கடைசி. வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் தட்டிப் பார்த்தேன். எல்லாம் பாஸ். எழுதினவனே சோதித்தால் வேறென்ன வரும்?

ஆகஸ்ட் கடைசியில் கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்ட்டர் அக்கா தேடலில் 'மனகோலம்' என்று ஒரு பலகாரத்தின் பெயரை அடித்தார். சரக்கு இல்லை என்றது. பட்டியலைத் தள்ளிப் பார்த்தால் கண்ணெதிரே மனகோலம் இருக்கிறது!

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு. இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றியபோது 'கோ'வின் இரட்டைக் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாக விழுந்திருந்தன. அக்காவின் கீபோர்டில் அது ஒரே குறி. பார்க்க ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது. நான் வீட்டில் தேடிப் பார்த்தவை தேன்குழலும் சீப்புச் சீடையும். இரண்டிலும் ஓகாரமே கிடையாது.

அப்புறம் வந்தது பெரிய இடி. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி மன்றக் கூட்ட முடிவு: பாக்கெட் போட்ட முறுக்கு, மிக்சருக்கு 22-ம் தேதி முதல் 12 சதவீதம் இல்லை, 5. நானோ 12 என்பதை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன், வெட்கம்தான். விகிதத்தைத் தேதியோடு கட்டிய தனி அட்டவணையாக்கினேன். கணினியின் கடிகாரத்தைத் தள்ளி வைத்து 21 இரவு 11:59-க்கு ஒரு பில், 12:00-க்கு ஒரு பில். பழைய பில்லின் சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்தில் கழிகிறதா என்றும் பார்த்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் நோட்டில் காசுப் பக்கங்களை முதலிலிருந்து ஓட்டினேன். சலிப்பான வேலை, ஆனால் அதில்தான் இரண்டு பழைய பிழைகள் மறுபடி தலைகாட்டின.

வெளியீடு 23-க்குத் தள்ளிப்போனது. "செவ்வாய்க்கிழமையா? வேண்டாம் தம்பி, புதன் வச்சுக்கங்க" என்றார் ஆச்சி. சரி, அந்த ஒரு நாள் பில் புத்தகத்தையும் மென்பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். நடுவே ஆச்சியின் பேரன் பிளக்கைப் பிடுங்கினான். என் நோட்டில் இல்லாத சோதனை. நல்லவேளை, பாதி பில் பத்திரமாக இருந்தது.

இரவு கணக்குப் பார்த்தால் ஒரு பில்லில் ஒரு ரூபாய் உதைத்தது. மூன்று சரக்கு, ஒவ்வொன்றிலும் 40 பைசா மிச்சம். மென்பொருள் வரிக்கு வரி முழு ரூபாயாக்கி மூன்றையும் விட்டுவிட்டது. அக்கா கூட்டிய பிறகு முழுதாக்கியிருந்தார். அக்காவின் கணக்குதான் சரி, அன்றிரவே மாற்றினேன்.

புதன் காலை முதல் பில் போட்டாயிற்று. பழைய பில் புத்தகத்தை மட்டும் ஆச்சி இன்னும் கல்லாவுக்கு அடியில்தான் வைத்திருக்கிறார்.